மதுரைக்கு அண்ணனின் வாயாகப் போனேன்

மதுரையில் இறங்கி நாங்கள் செய்த முதல் காரியம், ஒரு குதிரையை அந்தரத்தில் தூக்கியது.

ஜட்கா வண்டியில் நான் முன்பக்கம், வண்டிக்காரருக்கு அருகில் உட்கார்ந்தேன். அண்ணன் பின்பக்க விளிம்பில் எனக்கு எதிர்முகமாக உட்கார்ந்து, பெட்டியையும் தன் பக்கம் வைத்துக்கொண்டார். "முன்னால நகண்டு வாங்க சாமி, பாரம் பின்னால போகுது" என்றார் வண்டிக்காரர். அண்ணன் அசையவில்லை. அவருக்குக் காது கேட்காது. கேட்டிருந்தாலும் நகர்ந்திருக்க மாட்டார், ஏனென்றால் எங்கள் இருவருக்கும் பேச்சு முழுவதும் கையில்தான், என் கை தெரியாத இடத்தில் அவர் உட்காரவே மாட்டார். வண்டி ஒரு மேட்டில் ஏறியபோது பின்பக்கம் அமுங்கியது, ஏர்க்கால் மேலே போனது, குதிரையின் முன்னங்கால்கள் தரையை விட்டு எழும்பிவிட்டன. வெற்றிலைக் கடைக்காரர் ஓடி வந்து ஏர்க்காலில் தொங்கினார்.

"காது கேக்காதவரா? முன்னாலயே சொல்லக் கூடாதாம்மா?" என்று வண்டிக்காரர் கோபித்தார்.

"ஓம், சொல்லியிருக்க வேணும்" என்றேன்.

"எதுக்கு ஓம்ங்கிறீக? மலையாளமா நீங்க?"

எனக்குச் சுள்ளென்று வந்தது. யாழ்ப்பாணத்தில் பிறந்து, கொழும்பில் தமிழ் படிப்பிக்கிற உபாத்தியாயர் நான். என்னிடம் வந்து மலையாளமா என்று! அந்தப் பயணத்தில் சந்தித்த பலரும் இதையே கேட்டார்கள். அண்ணனிடம் கையால் சொன்னேன். அவர் வண்டி குலுங்கக் குலுங்கச் சிரித்தார். "வாயாக வந்தவளுக்கே வாய் சரியில்லையா?" என்றார். அண்ணனின் கைப்பேச்சை இங்கே தமிழாக்கித்தான் தருகிறேன், கையில் இருந்த காரம் பாதியாவது குறைந்திருக்கும்.

வந்த காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். அண்ணன் பெயர் இராசநாயகம். பிறவியிலேயே செவிடு. செவிடருக்கென்று ஒரு கல்லூரி அமெரிக்காவில் இருக்கிறது என்று யாரோ சொல்ல, அப்பா காணியை விற்று அவரை அங்கே அனுப்பினார். பட்டம் வாங்கித் திரும்பியவருக்குக் கொழும்புப் பள்ளியில் துணை ஆசிரியர் வேலை கிடைத்தது. அதன்பிறகு அவருக்கு மேலே தலைமைக்கு வந்தவர்கள் எல்லாம் காது கேட்பவர்கள், கைப்பேச்சு தெரியாதவர்கள், அவரிடமே வேலை கற்றுக்கொண்டு அவருக்கே உத்தரவு போட்டவர்கள். இப்போது மதுரையில் ஒரு பயிற்சிக் கல்லூரி, செவிட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் ஆசிரியர்களைத் தயாரிக்க ஒரு வகுப்பு தொடங்கப் போகிறது. அதற்குத் தலைவர் வேண்டும். அண்ணன் விண்ணப்பித்தார். நேரில் வரச் சொன்னார்கள், பேசுவதற்கு ஒருவரை அழைத்து வரலாம் என்றும் சொன்னார்கள்.

"அமெரிக்காவிலும் படிக்கிறவன் செவிடன், தலைவர் மட்டும் கேட்கிறவர்" என்பார் அண்ணன். அது அவருக்குத் தொண்டையில் சிக்கிய முள். "செவிடர் படிப்பைச் செவிடன் தலைமையில் நடத்தி ஓரிடத்திலாவது காட்ட வேண்டும். மதுரையிலும் இல்லை என்றால் இனி எங்கும் கேட்க மாட்டேன்" என்று புறப்படும்போதே சொல்லியிருந்தார். கேட்காமல் இருப்பவர் இல்லை அவர். ஆனாலும் அன்று அவர் முகம் எனக்குப் பயமாக இருந்தது.

காபி கிளப்பில் சாப்பிட்டோம். இடியப்பமும் சொதியும் தின்று வளர்ந்த நாக்குக்கு இந்த ஊர் இட்லி ஆச்சரியம்தான், வாயில் போட்டதும் காணாமல் போகிறது. அண்ணன் சாப்பிட்டுக்கொண்டே இடது கையால் இட்லியின் பெருமை பேசிக்கொண்டிருந்தார். சாப்பிடுகிற வாய்க்கும் பேசுகிற கைக்கும் சண்டை இல்லாதது செவிடருக்கு உள்ள பெரிய வசதி. பரிமாறுகிறவர் வாளியோடு வந்து என்னைப் பார்த்து, "அவருக்கு இன்னும் ரெண்டு வைக்கவாம்மா?" என்று கேட்டார்.

அண்ணன் முகம் கறுத்துவிட்டது. "இட்லி என் வயிற்றுக்குள் போகிறதா, உன் வயிற்றுக்குள்ளா?" என்றார். அதை அப்படியே சொன்னேன். பரிமாறுகிறவர் நல்ல மனிதர், நாக்கைக் கடித்துக்கொண்டார். அண்ணன் பக்கம் திரும்பி இரண்டு விரலைக் காட்டினார். அண்ணன் நான்கு விரலைக் காட்டினார். அதற்குப் பிறகு அவர்கள் இருவருக்கும் நான் தேவைப்படவில்லை. சட்னிக்கு, சாம்பாருக்கு, காபியில் சீனி குறைவுக்கு எல்லாம் தாங்களாகவே ஏற்பாடு செய்துகொண்டார்கள்.

மறுநாள் உசிலம்பட்டிக்குப் போனோம். வகுப்புக்குப் பணம் கொடுக்கிற மாயாண்டி அங்கேதான் இருந்தார். பெரிய சம்சாரி, அதாவது நிலபுலம் உள்ள விவசாயி, பருத்தியும் மாடும் வியாபாரம், கல்லூரிக் கமிட்டியிலும் ஒருவர். அவர் மனைவி பேச்சியம்மாளும் பிறவிச் செவிடு. மாயாண்டியை முதலில் பார்த்துவிட்டு வந்தால் நல்லது என்று கல்லூரிப் பிரின்ஸிபால் சொல்லியிருந்தார்.

பஸ் பாதி வழியில் கொதித்து நின்றது. கொழும்பில் எந்நேரமும் மழை என்று அலுத்துக்கொள்கிறவர்களை ஒரு நாள் அந்தச் சாலையில் நிறுத்த வேண்டும். சோளத்தட்டை நிற்கும் காடு, உடைமரம், வெயில், வேறொன்றும் இல்லை. காட்டில் வேலை செய்துகொண்டிருந்த ஒரு பெண்ணிடம் போய், "அக்கா, குடிக்கத் தண்ணி கொஞ்சம் தருவியளோ? சரியான விடாய்" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். மறுபடி சொன்னேன். மறுபடி பார்த்தார். அண்ணன் என்னை ஒதுக்கிவிட்டு முன்னால் போய், கழுத்தைத் தடவி, உள்ளங்கையைக் குழித்து வாயருகே கொண்டுபோனார். உடனே ஒரு செம்பு நிறைய மோர் வந்தது. அந்தப் பெண் என்னைக் காட்டி அண்ணனிடம், "பாவம், இவுகளுக்குப் பேச்சு சரியா வராதா?" என்று கேட்டார். அண்ணனுக்கு அது கேட்கவில்லை. நானும் மொழிபெயர்க்கவில்லை.

உசிலம்பட்டியில் அன்று மாட்டுச் சந்தை. மாயாண்டி பெரிய மீசையும் தோளில் துண்டுமாக எதிர்கொண்டு வந்தார். "வாங்கண்ணே, வாங்க தங்கச்சி! எம்புட்டு நேரமா பாத்துக்கிட்டு இருக்கேன். பஸ்ஸு படுத்துருச்சா?" என்று அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டார். பிடித்த கையைக் கடைசிவரை விடவில்லை. அதனால் அண்ணனுக்குப் பேச ஒரு கைதான் மிச்சம்.

பேச்சியம்மாள் மாடுகளுக்கு நடுவே நின்றிருந்தார். காதில் தண்டட்டி ஆட, ஒரு காளையின் பல்லைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். மாடு வாங்க வந்தவர் தன் துண்டை எடுத்துத் தன் கைமேலும் அவர் கைமேலும் போட்டார். துண்டுக்கு அடியில் விரல்கள் விரல்களைப் பிடித்தன. அந்தப் பக்கத்துச் சந்தையில் விலை பேசுவது இப்படித்தான் என்று மாயாண்டி விளக்கினார். எந்த விரலைப் பிடித்தால் எவ்வளவு என்று கணக்கு உண்டு. வாய் திறந்து சொன்னால் பக்கத்தில் நிற்கிறவனுக்குத் தெரிந்துவிடும். பேச்சியம்மாள் முகத்தில் ஒன்றும் இல்லை. அந்த மனிதருக்குத்தான் நெற்றி வேர்த்தது. சற்று நேரத்தில் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, தலையை ஆட்டிவிட்டு, காளையைப் பிடித்துக்கொண்டு போனார்.

"பொம்பளைக யாரும் துண்டுக்குள்ள கை விட மாட்டாக. இவ விடுவா. இவகிட்ட எந்தத் தரகனும் செயிச்சதில்ல" என்றார் மாயாண்டி, பெருமை தாங்காமல்.

அண்ணன் சந்தை நடுவே குழந்தையைப் போல் துள்ளினார். "பார், பார்! இந்த ஊரே கைப்பேச்சு பேசுகிறது! கொழும்பில் நாம் தெருவில் பேசினால் வேடிக்கை பார்க்கிறார்களே!" என்றார். பேச்சியம்மாளின் கைப்பேச்சு அவர் வீட்டிலேயே உண்டானது, அண்ணனுடையது அமெரிக்காவில் படித்தது. ஒன்றுக்கொன்று ஒட்டே இல்லை. ஆனாலும் கம்பஞ்சோறும் கருவாட்டுக் குழம்பும் சாப்பிட்டு முடிப்பதற்குள் இருவரும் மாடு, மழை, மருமகள் எல்லாவற்றையும் பேசி முடித்துவிட்டார்கள்.

"அண்ணே தங்கமான ஆளு. நாளைக்கு நானும் வாரேன். நல்லபடியா முடிச்சுத் தாரேன்" என்று மாயாண்டி வழியனுப்பினார். அன்று திரும்பி வரும்போது அண்ணன் பஸ்ஸில் நிம்மதியாகத் தூங்கினார். எனக்கும் காரியம் முடிந்தமாதிரியே இருந்தது.

மூன்றாம் நாள் கல்லூரியில் கூடினோம். சுவரில் சக்கரவர்த்தியின் படம், அதற்குக் கீழே காந்தி குல்லாயோடு கமிட்டிக் காரியதரிசியான ஒரு வக்கீல். நடுவில் மூக்குக்கண்ணாடி போட்ட பிரின்ஸிபால், ஓரத்தில் மாயாண்டி. எல்லோரும் மரியாதையானவர்கள். ஆனால் எல்லோரும் என்னைப் பார்த்தே கேட்டார்கள்.

"இன்ஸ்பெக்டர் சோதனைக்கு வந்தால் இவர் எப்படிப் பேசுவார்?" என்றார் வக்கீல்.

"கைப்பேச்சு தெரியாத இன்ஸ்பெக்டர் செவிடர் வகுப்பை எப்படிச் சோதிப்பார் என்று நானும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்" என்றார் அண்ணன். நான் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள், என்னைப் பார்த்து.

பிரின்ஸிபால் பாடமுறையைப் பற்றிக் கேட்டார். அண்ணன் நீளமாகச் சொன்னார். பிள்ளையின் உதட்டை அசைக்கப் பழக்குவதிலேயே வருஷங்களை வீணாக்கி, அதன் மூளைக்கு ஒன்றும் கொடுக்காமல் விடுவதைச் சொன்னார். செவிட்டுப் பிள்ளை தன்னைப் போன்ற ஒரு பெரிய மனிதரை வகுப்பில் பார்த்தால்தான் தானும் பெரியவனாகலாம் என்று நம்பும் என்றார்.

"எம்புட்டு அழகாப் பேசுது தங்கச்சி!" என்றார் மாயாண்டி. பிறகு பிரின்ஸிபாலைப் பார்த்தார். "ஏங்க, நான் ஒண்ணு சொல்றேன். தங்கச்சி படிச்சிருக்கு, வாத்தியாராவும் இருக்கு. தங்கச்சியே தலைமையா இருக்கட்டும். அண்ணே கூட இருந்து சொல்லிக் குடுக்கட்டும். ரெண்டு பேரும் ஒரே எடத்துல இருந்த மாதிரியும் ஆச்சு."

பிரின்ஸிபால் முகம் மலர்ந்தது. வக்கீல் குல்லாயை எடுத்து மறுபடி வைத்துக்கொண்டு, "அருமையான யோசனை" என்றார். அவ்வளவும் அன்பாகத்தான் சொன்னார்கள்.

அண்ணனுக்கு முன்னால் யார் எது பேசினாலும் அதை அவருக்குச் சொல்லிவிடுவது எங்கள் வழக்கம். இதையும் முழுவதாகச் சொன்னேன். இடையில் ஒரு கணம் எனக்கு ஆசையும் வந்தது, மறைப்பானேன்? கொழும்பில் கீழ் வகுப்புக்கு அரிச்சுவடி சொல்கிறவள் நான். கல்லூரியில் தலைமை என்றால் யாருக்குத்தான் கசக்கும்? அண்ணன் கைகள் முழங்காலிலிருந்து மெதுவாக எழுந்தன. "இது உன்னிடம் கேட்ட கேள்வி. நீ பதில் சொல்" என்றார்.

"ஐயா, இவ்வளவு நேரமும் நான் ஒரு சொல்லும் என்ரையாய்ச் சொல்லேல்லை" என்றேன். கோபத்தில் என் யாழ்ப்பாணத் தமிழ் முழுதாக வெளியே வந்துவிட்டது. "எல்லாம் அண்ணையின்ரை பேச்சு. கடிதத்தை வாசிச்சுப்போட்டுத் தபால்காரனுக்கு உத்தியோகம் குடுப்பியளோ?"

"கோவிச்சுக்காதீக தாயி" என்றார் மாயாண்டி, உண்மையாகவே வருத்தப்பட்டு. "எங்க வீட்டுல அவளுக்கு நான்தான் வாயி. நான் இல்லாட்டி அவளுக்கு யாரு? அது மாதிரித்தான அண்ணேக்கு நீங்க. இதுல என்ன தப்பு?"

அதையும் அண்ணனுக்குச் சொன்னேன். அவர் எழுந்தார். கரும்பலகையையும் சுண்ணாம்புக் கட்டியையும் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "வெளியே போ" என்றார்.

"என்ன?"

"வெளியே போய்க் கதவைச் சாத்து. ஜன்னல் பக்கம் திரும்பாதே. நீ தெரிந்தால் நான் உன்னோடு பேசத் தொடங்கிவிடுவேன்."

அவருடைய வாழ்க்கையை முடிவு செய்கிற மனிதர்களோடு அவரைத் தனியாக நான் ஒருநாளும் விட்டதில்லை. அவர் கதவைக் காட்டினார். போனேன்.

வராந்தாவில் ஒரு பெஞ்சு. சேலை வாங்க மாயாண்டியோடு வந்திருந்த பேச்சியம்மாள் அதில் உட்கார்ந்திருந்தார். நான் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். இரண்டு காதும் நன்றாக உள்ள எனக்கு, உள்ளே நாற்காலி இழுபடும் சத்தமும் யாரோ இருமும் சத்தமும் தவிர ஒன்றும் புரியவில்லை. பேச்சியம்மாள் என்னைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், நிலைமையைப் புரிந்துகொண்டார். என் பக்கம் திரும்பிச் செய்தி சொல்லத் தொடங்கினார்.

கண்ணைச் சுற்றி வட்டம் போட்டால் பிரின்ஸிபால். தலைமேல் தோணி வைத்தால் வக்கீல். மீசையை முறுக்கினால் வேறு யார், அவர் புருஷன்தான். வட்டம் தலையை ஆட்டுகிறது. தோணி கையை வீசுகிறது, மாட்டேன் என்கிறது. அண்ணன் பலகையில் எழுதுகிறார். மீசை வாயைத் திறந்தபடி நிற்கிறது. மீசை துண்டை எடுக்கிறது. இதைச் சொல்லும்போதே பேச்சியம்மாளுக்குச் சிரிப்பு பீறிட்டது. அவர் சிரிப்பு வராந்தா முழுவதும் அதிர்ந்தது. பியூன் ஓடி வந்து வாயில் விரலை வைத்துக் காட்டினார். பேச்சியம்மாள் அவரையும் பார்த்துச் சிரித்தார்.

கதவு திறந்து மாயாண்டி வந்தார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"உங்கண்ணே பலகையில இங்கிலீசுல எழுதினாரு தாயி. பிரின்ஸிபால் வாசிச்சுச் சொன்னாரு. 'நேத்துச் சந்தையில உங்க காளைக்கு வெல பேசினது யாரு? எந்த வாயால பேசினாக?'ன்னு கேட்டாரு. அப்புறம் என் துண்டை வாங்கி, என் கையிலயும் வக்கீல் கையிலயும் போட்டு, ஒரு காளைக்கு வெல பேசுங்கன்னாரு. வக்கீலுக்கு எந்த விரலைப் பிடிக்கணும்னே தெரியல. கெழட்டு மாட்டை யானை வெலைக்கு வாங்கிப்புட்டாரு. 'இந்தப் பாஷை தெரியாத ஆளை உங்க சந்தைக்குத் தலைமைத் தரகனாப் போடுவீகளா?'ன்னு எழுதினாரு பாருங்க, பிரின்ஸிபால் எந்திரிச்சு அண்ணே கையைப் பிடிச்சுக்கிட்டாரு."

"முடிவு என்ன?" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"அண்ணேதான் தலைமை. ஒரு வருசம் பாப்போம்னு வக்கீல் சொல்லியிருக்காரு. ஆனா அண்ணே ஒரு சட்டம் போட்டுட்டாரு. வக்கீலும் பிரின்ஸிபாலும் சாயங்காலம் வந்து கைப்பேச்சு படிக்கணுமாம். உங்களை ஊருக்கு அனுப்பிருவாராம்."

பிறகு மாயாண்டி மனைவி பக்கம் திரும்பிக் கையால் எதையோ சொல்லத் தொடங்கினார். எனக்குப் பார்க்க முடியவில்லை, கண் நிறைந்துவிட்டது. மகிழ்ச்சியா, அடிபட்ட வலியா என்று கேட்டால் இரண்டும்தான்.

தங்கிய இடத்துக்குப் போகிற வழியெல்லாம் அண்ணனோடு சண்டை போட்டேன். தெருவே நின்று பார்த்தது. "என்னை ஒரு வார்த்தை கேட்டீர்களா? தனியாக இங்கே யார் பார்ப்பார்கள்? காய்ச்சல் வந்தால்?"

"கேட்டால் கூட இருக்கிறேன் என்பாய்" என்றார். "நீ இருந்தால் அவர்கள் என்றைக்கும் உன்னைத்தான் பார்ப்பார்கள்."

பருத்திப்பால் விற்றவரிடம் இரண்டு குவளை வாங்கி, ஒன்றை அவர் கையில் கொடுத்தேன். குடித்து முடித்த பிறகு அண்ணன் தன் பங்குக்குக் கோபப்பட்டார். "ஒரு வருஷம் பார்ப்போமாம்! கேட்கிறவனைப் போட்டிருந்தால் 'பார்ப்போம்' என்றிருப்பார்களா?" என்றார். அந்த ஒரு விஷயத்தில் நாங்கள் இருவரும் ஒரே கட்சியாகி, சமாதானமானோம்.

நான்காம் நாள் திருப்பரங்குன்றத்தில் மாடியில் ஓர் அறை பிடித்தோம். ஜன்னலைத் திறந்தால் மலை. முருகனிடம் போய் அண்ணனை ஒப்படைத்துவிட்டு, கடைத்தெருவில் பாயும் கூஜாவும் வாங்கினேன். வீட்டுக்காரர் என்னிடம், "அண்ணனுக்கு விடியக்காலம் காபி வேணுமான்னு கேளுங்கம்மா" என்றார். "நீங்களே கேளுங்கோ" என்றேன். சொல்லிவிட்டு நெடுநேரம் மலையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஊர் திரும்புவதற்கு, வேண்டுமென்றே ஒரு பகல் வண்டியாகப் பார்த்தேன். காது கேட்கிறவர்கள் ரயிலடியில் விடைபெறுவது சின்ன வேலை. வண்டி நகர்ந்து சத்தம் எட்டாமல் போனால் முடிந்தது. எங்களுக்கு அப்படியில்லை. உருவம் தெரிகிறவரை பேச்சு உண்டு. வண்டி நகர்ந்தது, ஜன்னலுக்கு வெளியே இரண்டு கையையும் நீட்டினேன். அண்ணன் பிளாட்பாரத்தில், காந்தி குல்லாய் வக்கீல் பக்கத்தில், நின்றார்.

"சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்க வேண்டும்" என்றேன்.

"சரி."

"கண்ட இடத்தில் தண்ணீர் குடிக்கக் கூடாது."

"சரி. நீ அழாதே, வெயிலில் பளபளக்கிறது, இங்கேயிருந்தே தெரிகிறது."

"நான் அழவில்லை. இரவில் ஜன்னலை" என்று தொடங்கினேன். அப்போது வக்கீல் அண்ணனின் தோளைத் தட்டினார். விரல்களை மடக்கி நீட்டி எதையோ கேட்டார். தப்பாகக் கேட்டிருக்க வேண்டும், ஏனென்றால் அண்ணன் உடனே அவர் பக்கம் திரும்பி, அவர் சுண்டுவிரலைப் பிடித்து நிமிர்த்தி, கட்டைவிரலை உள்ளே மடக்கி, மறுபடி செய்யச் சொன்னார். வக்கீல் மறுபடி செய்தார். அண்ணன் தலையை ஆட்டி மறுபடி நிமிர்த்தினார். எனக்கு அவர் முதுகுதான் தெரிந்தது. வளைவு வந்து அதையும் மறைக்கிறவரை அவர் என் பக்கம் திரும்பவில்லை.

கைகளை உள்ளே இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன். எதிர் இருக்கையில் இருந்த அம்மாள், "யாரும்மா அது, பாதியிலயே திரும்பிக்கிட்டாரு?" என்று கேட்டார்.

"என்ரை அண்ணை" என்றேன். "வகுப்பு எடுத்துக்கொண்டு நிக்கிறார்."